ஏலச் செய்தியில் விட்டுப்போகும் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் உலகத்தின் பெரிய ஏலங்களைப் பற்றி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். வைரம், ஓவியம், பழைய புத்தகம், பீங்கான் ஜாடி என்று வண்ணப்படங்கள். ஒவ்வொன்றின் கீழும் தடித்த எழுத்தில் விலை. என் பேரன் அதை விரித்து வைத்துக்கொண்டு, "பாட்டி, நம்ம வீட்ல பழசா ஏதாவது இருக்கா?" என்று கேட்டான். "நான் இருக்கேன்டா" என்றேன். அவனுக்கு அது போதவில்லை. தாத்தாவின் அலமாரியைக் குடைய ஆரம்பித்துவிட்டான்.

அந்தப் பக்கத்தில் பிழை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, அதுவும் எல்லாப் படங்களின் கீழும். நான் ஓர் ஏல நிறுவனத்தில் 19 ஆண்டுகள் பட்டியல் எழுதும் வேலை பார்த்தவள். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். என் பெயரையும் வெளியிட வேண்டாம். கடிதம் நீளம் என்று தோன்றினால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். மூலிகைப் புத்தகத்தைப் பற்றிய பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு பொருளுக்கும் பட்டியலில் ஒரு பத்தி உண்டு. பொருள் என்ன, யார் செய்தது, எந்தக் காலம், என்ன அளவு, எந்த நிலையில் இருக்கிறது, எவ்வளவுக்குப் போகலாம் என்ற மதிப்பீடு. கடைசியில் சிறிய எழுத்தில் இன்னொன்று: இதற்கு முன் யார் யார் கையில் இருந்தது என்பது. புரோவனன்ஸ் என்பார்கள். எங்கள் மேசையில் அதற்கு 'வந்த வழி' என்று பெயர். ஒரு பெட்டி உள்ளே வந்தால் எங்கள் மேலாளர் அதைத் திறப்பதற்கு முன்பே "வந்த வழி இருக்கா?" என்றுதான் கேட்பார். நீங்கள் விட்டது அந்த வரியை.

விலையைப் பற்றி முதலில் பேசி முடித்துவிடுகிறேன். எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை கிடையாது.

லியனார்டோ டா வின்சியின் 'சால்வேட்டர் முண்டி' ஓவியம் 2017 நவம்பரில் நியூயார்க்கில் 45 கோடி டாலருக்குப் போனதாகப் போட்டிருந்தீர்கள். அரங்கில் ஏலம் முடிந்து சுத்தியல் விழுந்தது 40 கோடியில். மேலே இருக்கும் 5 கோடியே 3 லட்சம் டாலர் ஏல நிறுவனத்தின் கட்டணம். வாங்குகிறவரிடமும் கமிஷன் வாங்கும் இந்தப் பழக்கத்தை லண்டனின் இரண்டு பெரிய நிறுவனங்கள் 1975-இல் ஆரம்பித்தபோது வியாபாரிகள் கொதித்துப் போனார்களாம். இப்போது யாரும் மூச்சு விடுவதில்லை. விற்கிறவரிடம் பிடிக்கும் கமிஷன் பெரும்பாலும் தனி. ஆக, வாங்கியவர் கொடுத்தது ஒரு தொகை, விற்றவர் கைக்குப் போனது வேறொரு தொகை, அரங்கில் மூன்று தரம் சொல்லி முடித்தது இன்னொரு தொகை. நீங்கள் அச்சிட்டது இந்த மூன்றில் எது என்று படிக்கிறவருக்குத் தெரியாது.

கொடுத்ததாகச் சொன்ன பணம் உண்மையிலேயே வந்ததா என்பது அடுத்தது. 'பிங்க் ஸ்டார்' என்ற 59.60 கேரட் இளஞ்சிவப்பு வைரத்தின் படம் உங்கள் பக்கத்தில் மேலே இருக்கிறது. 2017-இல் ஹாங்காங்கில் 7 கோடியே 12 லட்சம் டாலர், சரி. அதே கல் 2013-இல் ஜெனீவாவில் 8 கோடிக்கு மேல் ஏலம் போயிருந்தது. கேட்டவர் பணம் கட்டவில்லை. கல் ஏல நிறுவனத்தின் தலையிலேயே விழுந்தது. லண்டனின் ஓரத்தில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது கிடைத்த சீன ஜாடி ஒன்று 2010-இல் 4 கோடியே 30 லட்சம் பவுண்டுக்குச் சுத்தியல் தட்டப்பட்டது. உலகம் முழுக்கச் செய்தி. அந்தப் பணமும் வரவில்லை. ஜாடி பிறகு அரங்கத்துக்கு வெளியே, பேசி முடித்து, குறைந்த விலைக்குக் கைமாறியது. முதல் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைப் படித்திருப்பார்கள்?

அரங்கில் கேட்கும் குரல்களும் எல்லாம் மனிதக் குரல்கள் அல்ல. விற்கிறவர் இதற்குக் கீழே கொடுக்க மாட்டேன் என்று ஒரு விலையை ரகசியமாகச் சொல்லியிருப்பார். அதை எட்டும்வரை, யாரும் கேட்காத விலையைக் கேட்டதாகச் சொல்லி ஏலம் விடுகிறவர் மேலே ஏற்றிக்கொண்டு போகலாம். பல இடங்களில் விதிப்படி அது தப்பில்லை. 'சரவிளக்கு கேட்கிறது' என்று தொழிலில் கிண்டலாகச் சொல்வார்கள், கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்பை எடுப்பதால். எங்கள் அரங்கில் சரவிளக்கு கிடையாது. மின்விசிறி கேட்கும். ஒரு நாள் அந்த மின்விசிறியே ஜெயித்துவிட்டது. அதாவது பொருள் விற்கவில்லை.

சரி, விலைக் கதை போதும்.

இந்த மாதிரி முழுப்பக்கம் எந்தப் பத்திரிகையிலாவது வந்தால் அடுத்த வாரம் எங்கள் வரவேற்பறை நிறைந்துவிடும். காரணம் உங்கள் பக்கத்தின் நடுவில் இருக்கும் அந்தச் சமையலறைப் படம். 2019-இல் பிரான்சில் கொம்பியேன் என்ற ஊரில் ஒரு மூதாட்டியின் அடுப்புக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்த சின்னப் படம், 13-ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் சிமாபுவே வரைந்தது என்று தெரியவந்து, 2 கோடியே 40 லட்சம் யூரோவுக்குப் போனது. வீட்டுச் சாமான்களை மதிப்பிட வந்த ஏலக்காரரின் கண்ணில் பட்டதால் தப்பித்தது. உண்மைக் கதை, நல்ல கதை. இதைப் படிக்கிற யாருக்கும் ஒருமுறை எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வரத் தோன்றும்.

பழைய போர்வையில் ஒரு தடிப் புத்தகத்தைச் சுற்றி எடுத்துக்கொண்டு ஒருவர் வந்தார். 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தின் ஒரே ஒரு தொகுதி, 'எம்' எழுத்துக்கு உரியது. மற்றத் தொகுதிகள் எங்கே என்று கேட்டேன். இது மட்டும்தான் எப்போதும் இருந்தது என்றார். மகளின் படிப்புச் செலவுக்கு இது ஆகும் என்று நம்பி வந்திருக்கிறார். பழசு வேறு, அரிது வேறு என்று சொல்லிப் பார்த்தேன். கலைக்களஞ்சியம், வேதாகமம், பிரசங்கத் தொகுப்பு எல்லாம் ஆயிரக்கணக்கில் அச்சடித்தவை. யாரும் தூக்கிப் போடாததால் நிறைய மிஞ்சியிருப்பவை. அவர் என்னைப் பார்க்கவில்லை, புத்தகத்தைப் பார்த்தார். "பேப்பர்ல போட்டிருந்தாங்களே" என்றார். அவர் போர்வையை மறுபடி சுற்றியதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வந்தபோது சுற்றியிருந்ததைவிட ஒழுங்காக, மூலை மடித்துச் சுற்றினார்.

சிமாபுவேயைப் போட்ட அதே பக்கத்தில் அதே நாட்டின் இன்னொரு கதையையும் போட்டிருக்கலாம். 2021-இல் ஒரு வயதான தம்பதி வீட்டைக் காலி செய்யும்போது ஒரு மர முகமூடியைப் பழைய பொருள் வியாபாரியிடம் 150 யூரோவுக்குக் கொடுத்தார்கள். ஆப்பிரிக்காவின் ஃபாங் மக்களுடைய முகமூடி. 2022 மார்ச்சில் மோன்பெலியே நகரில் அது 42 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. தம்பதி அதைப் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். வழக்குப் போட்டார்கள். விற்பதற்கு முன் மதிப்பைத் தெரிந்துகொள்ள நீங்கள் முயற்சி எடுக்கவில்லை என்று 2023 டிசம்பரில் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.

என்னை அதிகம் உறுத்துவது இதன் இன்னொரு பக்கம். அது அந்தத் தம்பதிக்கு எப்படி வந்தது? குடும்பத்துப் பெரியவர் ஒருவர் ஆப்பிரிக்காவில் பிரெஞ்சுக் காலனி ஆளுநராக இருந்தவர். அவர் கொண்டுவந்தது. அவர் கைக்கு எப்படி வந்தது? அந்தக் கேள்வியைக் கேட்டபடி ஃபாங் மக்கள் வாழும் காபோன் நாட்டவர் சிலர் ஏல அரங்கத்துக்குள்ளேயே எழுந்து நின்றார்கள். ஏலம் நிற்கவில்லை. 150 யூரோ, 42 லட்சம் யூரோ என்ற இரண்டு எண்களை மட்டும் வைத்து எழுதினால் ஏமாந்த தம்பதியின் கதையாக முடிந்துவிடும். வந்த வழியையும் சேர்த்தால் யார் யாரிடம் ஏமாந்தார்கள் என்பதே மாறிப்போகிறது.

ஓவியங்கள் என் பிரிவு இல்லை. பக்கத்து மேசை. அங்கே ஒரே பெயரை ஆறு விதமாக எழுதுவார்கள். ஓவியரின் பெயரை மட்டும் போட்டால் அவரே வரைந்தது என்று பொருள். 'அவர் வரைந்ததாகக் கருதப்படுவது' என்றால் நிறுவனம் ஒரு காலை வெளியே வைத்திருக்கிறது. 'அவருடைய பட்டறை' என்றால் சீடர்கள் யாராவது. 'அவரைப் பின்பற்றியவர்', 'அவர் பாணி' என்று போகப்போக நூறு வருடம்கூடத் தள்ளிப்போகும். கடைசியாக 'அவரைப் பார்த்து வரைந்தது', அதாவது நகல். பத்திரிகையில் வரும்போது இந்த வால் எல்லாம் உதிர்ந்து பெயர் மட்டும் மிஞ்சும். சால்வேட்டர் முண்டியே 1958-இல் லண்டனில் சீடர் ஒருவரின் பெயரில் 45 பவுண்டுக்குப் போன படம். அது லியனார்டோவின் கைதானா என்று இன்னும் அறிஞர்கள் மல்லுக்கட்டுகிறார்கள்.

இனி புத்தகம்.

பழைய புத்தகத்தைப் பட்டியலிடுவது என்றால் முதல் வேலை எண்ணுவது. கையால் அச்சடித்த காலத்துப் புத்தகங்களில் ஒவ்வொரு ஃபாரத்தின், அதாவது சேர்த்து மடித்த தாள் கட்டின், முதல் பக்கத்திலும் கீழே ஓர் எழுத்து இருக்கும், ஏ, பி, சி என்று, கட்டுகிறவர் வரிசை தவறாமல் அடுக்குவதற்காக. பல புத்தகங்களில் அடுத்த பக்கத்தின் முதல் சொல்லை இந்தப் பக்கத்தின் கீழ் மூலையிலேயே அச்சிட்டிருப்பார்கள். அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் போக வேண்டும். படம், வரைபடம் இருந்தால் அவை தனியாக அச்சிட்டுச் செருகியவை, அவற்றுக்குத் தனி எண்ணிக்கை. 400 பக்கப் புத்தகத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். சேர்ந்த புதிதில் ஒருநாள் சாயங்கால அவசரத்தில் எண்ணாமலே 'முழுமையானது' என்று எழுதினேன். இரண்டு வாரத்தில் வாங்கியவர் திருப்பி அனுப்பினார். மூன்று வரைபடங்கள் இல்லை. கத்தியால் கீறி எடுத்த அடிக்கட்டை தையலோடு ஒட்டி நின்றது, அரை விரல் அகலத்துக்கு. அதற்கப்புறம் நான் எண்ணாமல் விட்டது ஒன்றும் இல்லை.

அந்த அரை விரல் அடிக்கட்டைக்குப் பின்னால் ஒரு தொழிலே இருக்கிறது. 2005-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து அரிய நூல் நூலகத்தில், தரையில் ஒரு சின்னக் கத்தி அலகு கிடப்பதை ஊழியர் ஒருவர் பார்த்தார். அங்கே உட்கார்ந்திருந்தவர் பேர்போன வரைபட வியாபாரி. பல நூலகங்களிலிருந்து 97 வரைபடங்களை எடுத்ததாக ஒப்புக்கொண்டார். மூன்றரை ஆண்டு சிறை. அலகு கீழே விழாமல் இருந்திருந்தால் அந்தத் தாள்களெல்லாம் 'தனியார் சேகரிப்பு' என்ற வரியோடு நல்ல சட்டத்துக்குள் யார் வீட்டுச் சுவரிலோ இன்னும் நிம்மதியாகத் தொங்கும்.

இப்போது மூலிகைப் புத்தகம். என் எட்டாவது வருடத்தில் ஒரே ஆளிடமிருந்து நாற்பது சொச்சம் புத்தகங்கள் வந்தன. அதில் ஒன்று 17-ஆம் நூற்றாண்டு மூலிகை நூல். மரக்கட்டை அச்சுப் படங்கள், ஒரு பக்கத்தில் யாரோ பழுப்பு மையில் எழுதிவைத்த இருமல் மருந்துக் குறிப்பு. அழகான புத்தகம். எண்ணினேன், எல்லாத் தாளும் இருந்தது. தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைத் தடவியபோது விரலுக்கு ஓரிடம் மட்டும் வேறு மாதிரி பட்டது. அந்தக் காலத்துத் தாள் கந்தல் துணியிலிருந்து செய்தது. கெட்டியாக, மொரமொரவென்று இருக்கும். சுரண்டினால் அந்த இடம் பஞ்சு மாதிரி ஆகிவிடும். விளக்குக்கு எதிரே பிடித்தேன். முட்டை வடிவத்தில் ஒரு வெளிச்சம், முத்திரை இருந்த இடம். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் மூன்று எழுத்துகள் மட்டும் மேடாகத் தெரிந்தன. முதுகுத் தோலில் அடிப்பக்கம் ஒரு சிறு சதுரம் மற்ற இடத்தைவிடக் கருமையாக இருந்தது. லேபிள் ஒட்டியிருந்த இடம் வெயில் படாமல் பழைய நிறத்திலேயே இருக்கும்.

நூலக முத்திரை இருந்தால் திருட்டு என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு படி இருந்தால் நூலகங்களே ஒன்றை விற்கும். அப்போது பழைய முத்திரையின் மேல் 'விலக்கப்பட்டது' என்று இன்னொரு முத்திரை குத்தி அனுப்பும். அப்படி வந்த புத்தகத்தின் முத்திரையை யாராவது மெனக்கெட்டுச் சுரண்டுவார்களா?

மேலாளரிடம் கொண்டுபோனேன். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். டார்ச்சை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "யாராவது புகார் கொடுத்திருக்காங்களா?" என்றார். இல்லை. "எந்த நூலகம்னு தெரியுமா?" மூன்று எழுத்தை வைத்து என்ன சொல்ல? "அப்ப பார்த்ததை மட்டும் எழுதும்மா. நினைக்கிறதை எழுதாதே."

பார்த்ததை எழுதினேன். 'தலைப்புப் பக்கத்தின் பின்புறம் சிறிய சுரண்டல். மற்றபடி நல்ல படி.' வந்த வழி என்ற இடத்தில் 'ஒரு கனவானின் உடைமை' என்று எழுதினேன். விற்பவர் பெயரைச் சொல்ல விரும்பாதபோது தொழிலில் காலங்காலமாக எழுதும் வாசகம் அது. பெண்ணாக இருந்தால் 'ஒரு சீமாட்டியின் உடைமை'. அதில் பொய் எதுவும் இல்லை. ஏலத்தன்று நான் பின்வரிசையில் நின்றேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மதிப்பீட்டைப்போல் இரண்டு மடங்குக்குப் போனது. மறுநாள் ஒரு பத்திரிகையில் நாலு வரிச் செய்தி: அரிய மூலிகை நூல், இன்ன விலை. சுரண்டல் என்ற சொல் அதில் இல்லை, கனவானும் இல்லை.

2012-இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஜிரோலாமினி நூலகத்தின் கதை வெளியே வந்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். 16-ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கும் நூலகம். அங்கே ஆயிரக்கணக்கில் நூல்கள் காணாமல் போயிருந்தன. எடுத்தவர் வெளியாள் இல்லை, நூலகத்தின் இயக்குநரே. ஜெர்மனியின் மியூனிக்கில் ஏலத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான நூல்கள் அங்கிருந்து போனவை என்று தெரிந்து மீட்கப்பட்டன. இயக்குநருக்கு 7 ஆண்டு தண்டனை. செய்தியைப் படித்துவிட்டு என் பழைய மேலாளருக்குப் போன் செய்தேன். அவரும் படித்திருந்தார். இரண்டு பேரும் மூலிகைப் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வைத்துவிட்டோம்.

வந்த வழி என்ற வரியையே பொய்யாக எழுதலாமே என்று நீங்கள் கேட்கலாம். எழுதுகிறார்கள். ஜெர்மனியில் ஒரு கணவனும் மனைவியும் 20-ஆம் நூற்றாண்டு ஓவியர்களின் பெயரில் போலிப் படங்களைச் செய்து பல வருடங்கள் விற்றார்கள். மனைவியின் தாத்தா சேர்த்து வைத்தவை என்று கதை. அதற்குச் சாட்சியாக ஒரு பழைய புகைப்படம்: சுவரில் படங்கள், முன்னால் மனைவியின் பாட்டி. உண்மையில் மனைவியே பாட்டி வேடம் போட்டுப் பழைய கேமராவில் எடுத்துக்கொண்டது. ஏலத்தில் 28 லட்சம் யூரோவுக்கு மேல் போன ஒரு படத்தில் அகப்பட்டார்கள். 1914-இல் வரைந்ததாகச் சொன்ன அந்தப் படத்தில், அந்த ஆண்டில் ஓவியர்கள் கைக்கு வந்திராத டைட்டானியம் வெள்ளை என்ற சாயம் இருந்தது. 2011-இல் கணவருக்கு 6 ஆண்டு. ஆனாலும் ஒன்று. தாத்தாவின் சேகரிப்பு என்ற கதையை அவர்கள் சொன்னதால்தான் அந்தக் கதையை யாரோ சோதிக்க முடிந்தது. 'ஒரு கனவானின் உடைமை' என்பதில் சோதிக்க என்ன இருக்கிறது?

நகைகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். தெரிந்தவரை அங்கே நிலைமை இன்னும் மோசம். புத்தகத்தில் முத்திரையைச் சுரண்டினால் வடுவாவது மிஞ்சும். தங்கத்தை உருக்கினால் ஒன்றும் மிஞ்சாது. கல்லைத் திரும்பப் பட்டை தீட்டினால் அது வேறு கல். திருட்டே இல்லாமல், ஊரறிய, இப்படி நடந்ததும் உண்டு. பவேரிய அரச மகுடத்தில் இருந்த விட்டல்ஸ்பாக் நீல வைரத்தை 2008-இல் லண்டனில் ஒரு கோடியே 64 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய நகை வியாபாரி, நிறமும் தெளிவும் கூட வேண்டும் என்று அதை மறுபடி தீட்டினார். 35.56 கேரட் 31.06 கேரட் ஆனது. நூற்றாண்டுகளாக விளிம்பில் இருந்த சின்னச் சின்னச் சிதைவுகள் போயின. அவை எந்தெந்தக் கைகளில் விழுந்தவை என்பதும் அந்த நாலரை கேரட்டோடு தூளாகப் போயிற்று. சட்டப்படி அவர் கல், அவர் இஷ்டம்.

ஒழுங்காக விற்கவே முடியாதா என்றால், முடியும். 1640-இல் அமெரிக்கக் குடியேற்றத்தில் அச்சான வேதாகமத் துதிப்பாடல் புத்தகம் ஒன்று, 'பே சாம் புக்' என்பார்கள். உலகத்தில் 11 படிகள்தான் மிஞ்சியிருக்கின்றன. பாஸ்டன் நகரில் ஒரு தேவாலயத்திடம் இரண்டு இருந்தன. கட்டடச் செலவுக்கும் தொண்டுகளுக்கும் பணம் வேண்டும், ஒன்றை விற்கலாமா என்று சபையைக் கூட்டி வாக்கெடுத்தார்கள். எதிர்த்தவர்களும் இருந்தார்கள், சண்டையும் நடந்தது. 2013-இல் அது ஒரு கோடியே 41 லட்சம் டாலருக்கு மேல் போனது. வாங்கியவர் அதை நூலகங்களுக்குக் காட்சிக்குக் கொடுக்கப்போவதாக அன்றே சொன்னார். யாரிடமிருந்து, எதற்காக, யாரிடம், இனி எங்கே என்று நாலுக்கும் பதில் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் இந்தப் புத்தகமும் இருந்தது. விலை மட்டும் இருந்தது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அடுத்த முறை ஏலச் செய்தி வந்தால் விலைக்குக் கீழே, சிறிய எழுத்திலேயே, ஒரு வரி சேருங்கள்: கட்டணம் சேர்ந்த விலையா இல்லையா, கொண்டுவந்தவர் யார், அவருக்கு எங்கிருந்து கிடைத்தது. பட்டியலைத் திறந்தால் இருக்கும், பெரும்பாலான நிறுவனங்களின் பட்டியலை யாரும் பார்க்கலாம். விற்றவர் பெயர் சொல்லப்படவில்லை என்றால் அதையே எழுதுங்கள், 'விற்றவர் பெயர் வெளியிடப்படவில்லை' என்று. இடம் இல்லை என்றால் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்குங்கள். காணாமல் போன நூல்களைத் தேடி நூலகர்கள் ஏலப் பட்டியல்களைப் படிப்பதுண்டு. பத்திரிகையில் வந்தால் இன்னும் நாலு பேர் கண்ணில் படும். அந்த மூன்று எழுத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்திருக்கக்கூடிய யாரோ ஒருவர் அன்றைக்கு அந்த நாலு வரிச் செய்தியைப் படித்திருக்கலாம் என்று எனக்கு இன்னமும் தோன்றுகிறது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்து நான் வரைந்துகொண்ட அந்த முட்டை வடிவமும் மூன்று எழுத்தும் ஒரு துண்டுத் தாளில் என்னிடம் இருக்கின்றன. கேட்கிறவர்களுக்கு உங்கள் மூலமாக அனுப்பத் தயார்.

என் பேரன் விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய அட்லஸைத் தூக்கிக்கொண்டு வந்தான். தோல் முதுகு, மடித்துச் செருகிய வரைபடங்கள். பழக்கதோஷத்தில் எண்ணினேன், எல்லாம் இருக்கிறது. "எவ்ளோ போகும் பாட்டி?" என்று குதித்தான். பின்னட்டையைத் திருப்பினேன். திருப்பித் தர வேண்டிய தேதிச் சீட்டு ஒட்டியிருந்தது, ஊதா நிற முத்திரையோடு, சுரண்டாமல். கல்யாணத்துக்கு முன்பே என் கணவர் எடுத்திருக்கிறார். கடைசித் தேதி போய் 46 வருடம் ஆகிறது. வரும் திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு நானும் பேரனும் அந்த நூலகத்துக்குப் போகிறோம். அபராதம் எவ்வளவு வரும் என்று அவன் இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஏலப் பட்டியல் எழுத்தர்
(பெயர் வெளியிட வேண்டாம்)